எந்தக் கொன்ட்ரோலர் யாருடையது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை பின்னேரமானால் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு ஹோலில் ரீவியில் கேம் விளையாட ஏழெட்டுப் பேர் கூடிவிடுவார்கள். சித்தியின் பிள்ளைகள் மூன்று பேர், தொடர்மாடியில் மேலும் கீழும் இருக்கிற பிள்ளைகள், சில நாட்களில் அவர்களுடைய அப்பாமாரும் வருவார்கள். தம்பி கனடாவுக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன பிளேஸ்டேஷன் 4, அதற்குக் கையில் பிடித்து விளையாடுகிற நாலு கொன்ட்ரோலர், சித்தி வீட்டிலிருந்து பையில் வரும் நின்டென்டோ சுவிட்ச், ரீவியில் மாட்டியிருக்கும் என் பழைய கணினி. இவ்வளவுதான் சாமான். ஆனால் "இது யாருடைய கொன்ட்ரோலர்" என்ற சண்டை வராத ஒரு சனிக்கிழமை எனக்கு நினைவில்லை.

அந்தச் சண்டையைத் தீர்த்துவிட்டு வந்து இருந்தால், வட்ஸ்அப்பில் அதே கேள்வியை வேறொரு வீட்டிலிருந்து கேட்டிருப்பார்கள். சரி, ஒரே இடத்தில் எழுதி வைப்போம் என்று கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, என்ர கொன்ட்ரோலர்ல நீலம் எரியுது. அப்ப நான் முதலாவது ஆளா?

பிளேஸ்டேஷன் 4 என்றால் ஆம். முதலில் உள்ளே வந்தவருக்கு நீலம், இரண்டாமவருக்குச் சிவப்பு, மூன்றாமவருக்குப் பச்சை, நாலாமவருக்கு இளஞ்சிவப்பு. ஒரே நேரத்தில் நாலு பேருக்கு மேல் அது ஏற்காது.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், அந்த லைட் கொன்ட்ரோலரின் முன்விளிம்பில், ரீவியைப் பார்த்தபடி இருக்கிறது. பிடித்திருப்பவரைத் தவிர மற்ற எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் பிள்ளைகள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கொன்ட்ரோலரைக் கவிழ்த்துப் பார்க்கிறார்கள். 2016இல் வந்த திருத்திய மொடலில் மேலே உள்ள தொடுபலகையிலும் ஒரு மெல்லிய கோடாக அதே நிறம் தெரியும். உங்களுடையதில் அந்தக் கோடு இல்லாவிட்டால் அது முந்திய மொடல், அவ்வளவுதான்.

போன கிழமை இதே கொன்ட்ரோலர் நீலம். இண்டைக்கு ஏன் சிவப்பு? பழுதாப் போச்சா?

பழுது இல்லை. டொக்டரிடம் சனல் பண்ணப் போனால் நம்பர் தருவார்களே, அது மாதிரித்தான். போன முறை உங்களுக்கு 2 கிடைத்தது என்பதற்காக இந்த முறையும் 2 தரமாட்டார்கள். அன்றைக்கு யார் முன்னுக்கு வந்தார்களோ அவர்களுக்கு முன் நம்பர். கொன்ட்ரோலருக்கும் அப்படித்தான். அதற்கென்று நிரந்தர எண் கிடையாது, அன்றைக்கு இணைந்த வரிசைதான் எண்.

இந்தப் பக்கத்தில் பாதிக் கேள்விகளுக்கு அடிப்படை இதுதான் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். இங்கே மூன்று சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று உங்கள் கையில் இருக்கிற பிளாஸ்டிக். மற்றது இயந்திரம் அந்த நேரத்துக்குக் கொடுத்திருக்கிற எண். மூன்றாவது நீங்கள். இயந்திரத்துக்கு முதல் இரண்டும்தான் தெரியும். கதிரையில் இருப்பது அண்ணனா தம்பியா என்று அதற்குத் தெரியாது. "என்னுடைய கொன்ட்ரோலர்" என்று ஒருவர் பிளாஸ்டிக்கைச் சொல்வார், மற்றவர் எண்ணைச் சொல்வார், இரண்டு பேரும் சரியாகவே சொல்லிக்கொண்டு சண்டை பிடிப்பார்கள்.

அப்ப நான்தான் முதலாவதா வர வேணுமெண்டா என்ன செய்யிறது?

எல்லாக் கொன்ட்ரோலரையும் நிறுத்திவிட்டு, வேண்டிய வரிசையில் ஒவ்வொன்றாக எழுப்புங்கள். பிளேஸ்டேஷனில் நடுவிலுள்ள பிஎஸ் பட்டனைப் பத்து செக்கன் அளவு அழுத்திப் பிடித்தால் கொன்ட்ரோலர் நின்றுவிடும். பிறகு முதலாமவர் அழுத்தி, தன் பெயரைத் தேர்ந்து, திரை அடங்கிய பிறகே இரண்டாமவர் அழுத்த வேண்டும். நாலு பேரும் ஒரே நேரத்தில் அழுத்தினால் லொத்தர்தான்.

மஞ்சள் மாதிரி ஒண்டு எரியுது. அஞ்சாவது ஆளும் இருக்கா?

இல்லை. அது சார்ஜ் ஏறுகிறது. பிளேஸ்டேஷன் தூங்கும்போது வயர் மாட்டியிருந்தால் செம்மஞ்சளாக மெல்ல மெல்ல எரிந்து அணையும்.

சில கேம்களும் அந்த லைட்டைத் தங்கள் பாட்டுக்கு மாற்றும். ஜிடிஏ 5இல் பொலிஸ் துரத்தும்போது சிவப்பும் நீலமும் மாறி மாறி எரியும். அதைப் பார்த்து "நான் ஒன்றா இரண்டா" என்று குழம்ப வேண்டாம். கேமை விட்டு வெளியே வந்தால் சொந்த நிறம் திரும்பிவிடும்.

சுவிட்ச்சில நிறமே இல்லையே, பச்சைப் புள்ளிதானே. அதை எப்பிடி வாசிக்கிறது?

நாலு சின்னப் பச்சை லைட் இருக்கும். ஒன்று எரிந்தால் முதலாமவர், இரண்டு எரிந்தால் இரண்டாமவர், நாலுவரைக்கும் அப்படியே எண்ணலாம். சுவிட்ச் எட்டுப் பேர் வரைக்கும் எடுக்கும் என்பதால் ஐந்திலிருந்து எண்ணிக்கை உதவாது, எந்தெந்த லைட் எரிகிறது என்று பார்க்க வேண்டும். ஐந்துக்கு இரண்டு ஓரங்களும் மட்டும், ஆறுக்கு முதலாவதும் மூன்றாவதும், ஏழுக்கு இரண்டாவது தவிர மற்றவை, எட்டுக்கு நடு இரண்டும். இதை மனப்பாடம் பண்ணின ஒரே ஆள் சித்தியின் நடுவில் மகள். அவளைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

வரிசையை மாற்றுவது சுவிட்ச்சில் சுகம். முகப்பில் கொன்ட்ரோலர் படத்துக்குள் போனால் 'சேஞ் கிரிப் ஓடர்' என்று இருக்கும். அதைத் திறந்ததும் பழைய வரிசை அழிந்துவிடும். பிறகு ஒவ்வொருவராக எல் (L), ஆர் (R) பட்டன் இரண்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். சுவிட்ச்சின் பக்கத்தில் கழற்றி எடுக்கிற சின்னக் கொன்ட்ரோலரான ஜோய்கொன்னைப் படுக்கையாகப் பிடித்திருப்பவர் விளிம்பில் உள்ள எஸ்எல், எஸ்ஆர் இரண்டையும் அழுத்த வேண்டும். அதே இடத்தில் கொன்ட்ரோலர் தேடும் வசதியும் உண்டு. அழுத்தினால் செற்றிக்குள் புதைந்திருப்பது நடுங்கிக் காட்டிக் கொடுக்கும்.

எங்கட காலத்தில இப்பிடி ஒரு கரைச்சலும் இல்லையே பிள்ளை?

மூன்றாம் மாடி மாமா கேட்டது. உண்மைதான். வயர் இருந்த காலத்தில் வயர் போய்ச் செருகிய துவாரம்தான் எண். 1996இல் வந்த நின்டென்டோ 64இன் முகத்தில் நாலு துவாரம். பிளேஸ்டேஷன் 2இல் இரண்டு, நாலு பேர் வேண்டுமென்றால் தனியாக ஒரு பெட்டி மாட்ட வேண்டும். வயரைப் பிடித்துக்கொண்டு போனால் யார் எத்தனையாவது என்று தெரிந்துவிடும். சண்டை வயர் நீளத்துக்குத்தான்.

வயர் போனதும் துவாரம் இருந்த இடத்துக்கு லைட் வந்தது. 2005இல் வந்த எக்ஸ்பொக்ஸ் 360இல் நடுப் பட்டனைச் சுற்றி ஒரு வட்டம், அதன் கால்பகுதி எரியும். மேலே இடது ஒன்று, மேலே வலது இரண்டு, கீழே இடது மூன்று, கீழே வலது நாலு. என் கணக்கில் இதைவிடத் தெளிவான அடையாளத்தை யாரும் பிறகு செய்யவில்லை. பார்க்கிறவருக்கும் தெரியும், பிடித்திருப்பவருக்கும் தெரியும்.

இந்த ரிமோட் எல்லாம் ஒரே மாதிரிக் கிடக்கு. நம்பர் எழுதி ஒட்டினா என்ன?

கீழ்வீட்டு மாமிக்குக் கொன்ட்ரோலர் எல்லாம் ரிமோட்தான். யோசனை நல்லது, ஆனால் நம்பர் மட்டும் எழுதாதீர்கள். இரண்டாவது கேள்வியில் சொன்னதுதான் காரணம். நீங்கள் 2 என்று ஒட்டியது இன்றைக்கு நீலமாக எரியும். "2 என்று எழுதியிருக்கு, நான்தான் இரண்டு" என்று ஒருவர் நிற்பார், "நீலம் எரியுது, நீ ஒன்று" என்று மற்றவர் நிற்பார். நாங்கள் அப்படி ஒட்டி ஒரு மாதம் பட்டபாடு போதும். அதே காரணத்தால் நீலம், சிவப்பு, பச்சை ஸ்டிக்கரும் வேண்டாம்.

எங்கள் வீட்டில் இப்போது எழுத்து. அ, ஆ, இ, ஈ. பிள்ளைகள் ஆனா, ஆவன்னா, ஈனா, ஈயன்னா என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "ஈயன்னாவை எனக்குத் தராதேங்கோ" என்று கெஞ்சுவதைக் கேட்கலாம், ஏன் என்பது கீழே வரும். நாலாம் மாடியில் இருக்கிற சிங்களப் பிள்ளைக்குத் தமிழில் இப்போது நாலு எழுத்து நன்றாகத் தெரியும்.

எதால் எழுதுவது? ஸ்டிக்கர் வியர்வைக்கு இரண்டு கிழமையில் உரியும், பசை மட்டும் மிஞ்சும். மாக்கர் விரலில் வரும். நகத்துக்குப் பூசுகிற கியூடெக்ஸ்தான் நிற்கிறது. உள்ளங்கை உரசாத இடமாக, பின்பக்கம் நடுவில், மெல்லிய பூச்சாக எழுதி ஒரு மணித்தியாலம் காயவிடுங்கள். பிழைத்துப்போனால் கியூடெக்ஸ் அழிக்கிற தண்ணியைப் பிளாஸ்டிக்கில் போடவே வேண்டாம். அதிலுள்ள அசிற்றோன் பிளாஸ்டிக்கைக் கரைத்து வெள்ளை படர வைக்கும். 'ஆ'வின் சுழியைத் திருத்தப்போய் நான் உண்டாக்கின தழும்பு ஆவன்னாவின் முதுகில் இன்னும் இருக்கிறது. இப்போது இருட்டிலும் தடவியே அது எதுவென்று கண்டுபிடிக்கலாம்.

மகனுக்குச் சிவப்பும் பச்சையும் வித்தியாசம் தெரியிறேல்ல. அவன் என்ன செய்யிறது?

சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாமை ஆண் பிள்ளைகளில் அப்படி ஒன்றும் அபூர்வம் இல்லை. பிளேஸ்டேஷன் 4இல் இரண்டாமவரும் மூன்றாமவரும் சரியாக அந்த இரண்டு நிறத்தில்தான் வருகிறார்கள். அவரை முதலாவதாகவோ நாலாவதாகவோ இணைய விடுங்கள், எல்லாருக்கும் அது ஒரு வழக்கமாகிவிடும்.

பிளேஸ்டேஷன் 5இன் கொன்ட்ரோலரில் இந்தக் கரைச்சல் குறைவு. தொடுபலகைக்குக் கீழே வெள்ளைப் புள்ளி லைட் வரிசையாக இருக்கிறது. ஒன்று எரிந்தால் ஒன்று, மூன்று எரிந்தால் மூன்று. நிறம் பார்க்கத் தேவையில்லை, எண்ணினால் போதும். அதோடு புள்ளிகள் பிடித்திருப்பவரின் பக்கம் பார்க்கின்றன. கவிழ்த்துப் பார்க்கிற வேலையும் இல்லை.

திரை ரெண்டாப் பிரிஞ்சதும் எது நான் எண்டு விளங்குதில்லை.

ஓடத் தொடங்காதீர்கள். எல்லாரும் கையை எடுத்துவிட்டு, ஒருவர் மட்டும் ஸ்டிக்கை இடமும் வலமும் ஆட்டட்டும். எது ஆடுகிறதோ அது அவர். பிறகு அடுத்தவர். எங்கள் வீட்டில் இதற்கு "தலையாட்டு" என்று பெயர். எல்லாரும் ஒரே நேரத்தில் ஆட்டிவிட்டு "நான்தான் அது" என்று கத்துவதால் ஒன்றும் தெரியவராது.

கால்பந்துக் கேம்களில் வேறு மாதிரி. மட்ச் தொடங்க முன் நடுவில் கொன்ட்ரோலர் படங்கள் வரிசையாக நிற்கும், ஒவ்வொருவரும் இடப்பக்கமோ வலப்பக்கமோ தள்ளி அணியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஃபிஃபா கேம் 2023இலிருந்து எஃப்சி என்று பெயர் மாறினாலும் முறை பழையதேதான். அந்தத் திரையில் அவசரப்பட்டு எக்ஸ் பட்டனை அமத்துகிறவரால்தான் ஒரு பக்கத்தில் மூன்று பேரும் மறுபக்கத்தில் ஒருவரும் நிற்கிறார்கள். அதிலேயே தலையாட்டுப் போடுங்கள்.

நடு மட்ச்சில என்ர கொன்ட்ரோலருக்குச் சார்ஜ் முடிஞ்சுபோச்சு. வேற ஒண்டை எடுத்தா என்ர இடம் போயிடுமா?

போகாது. பிளாஸ்டிக் வேறு, எண் வேறு என்று சொன்னது இங்கேதான் உதவுகிறது. கேம் தானாக நின்று, கொன்ட்ரோலரை இணைக்கச் சொல்லும். சும்மா கிடக்கிற ஒன்றை எடுத்து, பிஎஸ் பட்டனை அமத்தி, நீங்கள் முன்பு தேர்ந்த அதே பெயரையே தேருங்கள். உங்கள் இடத்தில் உட்காருவீர்கள். புதுப் பெயரைத் தேர்ந்தால்தான் புது ஆளாக வந்து, பழைய இடம் அந்தரத்தில் நிற்கும்.

கரண்ட் போய் வந்தா எல்லாம் மாறிப் போகுது. முந்தின வரிசையை எப்பிடிக் கொண்டு வாறது?

தானாக வராது. ரீவியும் பிளேஸ்டேஷன் பெட்டியும் அணைந்தாலும் கொன்ட்ரோலரில் பட்டரி இருக்கிறது, பெட்டிதான் வரிசையை மறந்துவிடும். கரண்ட் வந்ததும் யார் முதலில் அமத்துகிறாரோ அவர் நீலம்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியால வெட்டு வந்தபோது நாங்கள் இதில் நன்றாகத் தேறினோம். கலண்டரின் பின்பக்கத்தில் பெயர், எழுத்து, எண் மூன்றையும் எழுதிவிட்டே விளையாடுவோம். "சோபிக்கா, ஈனா, 2" என்று இருந்தால் வாக்குவாதமே வராது. பிறகு வெட்டு நின்றதும் பழக்கமும் நின்றது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு போய்ப் பட்டு நாடு முழுக்கக் கரண்ட் போனதே, அன்றைக்கு எழுதி வைக்காமல் விளையாடிக்கொண்டிருந்தோம். அரையிறுதி. கரண்ட் வந்த பிறகு நாலு பேரும் "நான்தான் வென்றுகொண்டிருந்தேன்" என்றார்கள். கலண்டர் திரும்பவும் சுவருக்கு வந்துவிட்டது.

மேல் வீட்டை கொண்டு போய் விளையாடினனான். இப்ப எங்கட வீட்டில வேலை செய்யுதில்லை.

மேல் வீட்டுப் பெட்டியில் வயரைச் செருகினீர்களா? செருகியிருந்தால் அது இப்போது மேல் வீட்டுப் பிள்ளை. பிளேஸ்டேஷன் 4இன் கொன்ட்ரோலர் கடைசியாகப் பழகிய பெட்டி ஒன்றைத்தான் நினைவில் வைக்கும். வீட்டுக்கு வந்து பிஎஸ் பட்டனை அமத்தினாலும் அது மேல் வீட்டுப் பெட்டியைத்தான் கூப்பிடும்.

இது எங்கள் தொடர்மாடியில் நடந்தது. சித்தியின் மூத்தவன் இரவு பதினொரு மணிக்கு எங்கள் ஹோலில் இருந்துகொண்டு பட்டனை அமத்துகிறான், அமத்துகிறான், ஒன்றும் நடக்கவில்லை. பட்டரி இல்லையாக்கும் என்று பார்த்தால் லைட் மினுங்குகிறது. திரும்ப அமத்துகிறான். அந்த நேரம் மேல் வீட்டில் பீப் என்று சத்தம் கேட்டு, பெட்டி எழும்பி, அதோடு சேர்ந்து ரீவியும் எரிந்து, ஹோலில் பாய் போட்டுப் படுத்திருந்த அம்மம்மா திடுக்கிட்டு எழும்பியிருக்கிறார். அவர்கள் நிறுத்துகிறார்கள். இவன் திரும்ப அமத்துகிறான். மூன்றாவது தடவை அவர்கள் பிளக்கையே கழற்றிவிட்டார்கள். காலையில் லிஃப்டில் சந்தித்தபோதுதான் இரண்டு பக்கக் கதையும் ஒன்றாகச் சேர்ந்தது.

தீர்வு சின்னது. உங்கள் பெட்டியில் யூஎஸ்பி வயரால் மாட்டி ஒருமுறை பிஎஸ் பட்டனை அமத்துங்கள், திரும்ப உங்களுடையதாகிவிடும். வயர் தரவும் கடத்துகிற வயராக இருக்க வேண்டும். சார்ஜ் மட்டும் ஏற்றுகிற மலிவு வயர்கள் புறக்கோட்டையில் நிறையக் கிடைக்கும், அவற்றால் சார்ஜ் ஏறும், உறவு ஏறாது. அப்படியும் சரிவராவிட்டால் பின்பக்கம் எல்2 பட்டனுக்குக் கிட்ட ஒரு சின்ன ஓட்டை இருக்கும். ஊசியால் ஐந்து செக்கன் அளவு அமத்திவிட்டு மறுபடி வயரை மாட்டுங்கள். பழசு எல்லாம் மறந்துவிடும்.

அப்ப மேல் வீட்டாக்கள் தங்கட கொன்ட்ரோலரால எங்கட ஆளை ஆட்டலாமோ?

ஒருமுறைகூட உங்கள் பெட்டியோடு பழகாதது என்றால் முடியாது. புளூடூத் எட்டுகிற தூரம் என்பதற்காக யாரும் உள்ளே வந்துவிட முடியாது.

கேம்ல இவ்வளவு தூரம் வந்தனான். இண்டைக்குத் திறந்தா ஒண்டுமே இல்லை. ஆவன்னாவைத்தானே வைச்சிருக்கிறன்?

ஆவன்னாவுக்குள் ஒன்றும் சேமிக்கப்படுவதில்லை. நீங்கள் விளையாடி முடித்ததெல்லாம் பெட்டியில், புரொபைலின் பெயரில் இருக்கிறது. பட்டனை அமத்தியதும் "யார் பாவிக்கிறது" என்று ஒரு பட்டியல் வருமே, அதில் எந்தப் பெயரைத் தேர்ந்தீர்களோ அந்தக் கணக்கில் போய்ச் சேரும். போன கிழமை அண்ணனுடைய பெயரில் நுழைந்திருந்தால், நீங்கள் கஷ்டப்பட்டு எடுத்த கிண்ணங்கள் அண்ணனுக்கு. இனி அதைப் பிரித்து வாங்க முடியாது.

இதைவிட மோசம் 'விருந்தாளி' என்று நுழைவது. பிளேஸ்டேஷன் 4இல் விருந்தாளி வெளியேறியதும் அவருடைய தரவெல்லாம் அழிந்துவிடும். ஒரு பின்னேரம் பந்து அடித்துவிட்டுப் போகிறவருக்கு அது போதும். கிழமைக்குக் கிழமை வருகிற பிள்ளைக்குத் தனிப் பெயர் ஒன்றைச் செய்து கொடுங்கள், இரண்டு நிமிட வேலை. இந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளை மூன்று சனிக்கிழமை உழைப்பை இழந்து செற்றியில் குப்புறக் கிடந்தது. முதலே சொல்லி வைக்காதது என் பிழைதான்.

எக்ஸ்பொக்ஸ் வாங்கினனாங்கள். எண்ணும் இல்லை, நிறமும் இல்லை. எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

மேலே புகழ்ந்தேனே, அந்த வட்ட லைட்டை 2013இல் எக்ஸ்பொக்ஸ் வன் வந்தபோது எடுத்துவிட்டார்கள். எட்டுக் கொன்ட்ரோலர் வரை சேரலாம், ஆனால் கொன்ட்ரோலரைப் பார்த்து எத்தனையாவது என்று சொல்ல வழியில்லை. எண்ணுக்குப் பதில் ஒவ்வொரு கொன்ட்ரோலரும் ஒரு புரொபைலோடு ஒட்டிக்கொள்கிறது. அதனால் முதல் வேலை, ஒவ்வொருவரும் தன் பெயரில் நுழைவது. மிச்சத்துக்குத் தலையாட்டும் கியூடெக்ஸும்தான்.

கணினியில அஞ்சாவது கொன்ட்ரோலர் மாட்டினா எடுக்குதில்லை.

விண்டோஸில் பெரும்பாலான கேம்கள் எக்ஸ்இன்புட் என்ற வழியால்தான் கொன்ட்ரோலரைப் பார்க்கின்றன. அந்த வழியில் நாலு இடம்தான். ஐந்தாவதைச் செருகினால் விண்டோஸுக்குத் தெரிந்தாலும் கேமுக்குத் தெரியாது.

வரிசைக்கும் அதே நாலு இடம்தான் கணக்கு. யாராவது கழன்றால் அவருடைய இடம் வெறுமையாகும், அடுத்து மாட்டுகிறவர் வெறுமையாக உள்ளவற்றில் முன்னுக்கு இருக்கிற இடத்தில் போய் இருப்பார். அதனால் இரண்டாமவரும் மூன்றாமவரும் வயர் மாற்றிச் செருகினால் இடமும் மாறிவிடலாம். கேமை மூடி, எல்லாவற்றையும் கழற்றி, வேண்டிய வரிசையில் மாட்டி, பிறகு கேமைத் திறவுங்கள். கேம் வாங்கி விளையாடுகிற ஸ்டீம் மென்பொருளைப் பாவித்தால் அதன் பெரிய திரை முறையில் கொன்ட்ரோலர் வரிசையை மாற்றுகிற இடமே இருக்கிறது, கழற்றத் தேவையில்லை.

கணினியில ஒண்டை அமத்தினா ரெண்டு பேரும் பாயினம். பேய் பிடிச்ச மாதிரிக் கிடக்கு.

ஒரே கொன்ட்ரோலர் இரண்டு ஆளாகப் பதிந்திருக்கிறது. பிளேஸ்டேஷன் கொன்ட்ரோலரைக் கணினிக்கு விளங்கவைக்க டிஎஸ்4விண்டோஸ் மாதிரி ஒரு மொழிபெயர்ப்பு மென்பொருளைப் போடுகிறோம். அது எக்ஸ்பொக்ஸ் மாதிரி ஒரு போலிக் கொன்ட்ரோலரை உண்டாக்கும். கேம் அந்தப் போலியையும் பார்க்கும், அசலையும் பார்க்கும். ஸ்டீமும் தன் பங்குக்கு இதே மொழிபெயர்ப்பைச் செய்யும். ஒன்று போதும், மற்றதை நிறுத்துங்கள். ஸ்டீமில் விளையாடுவதென்றால் ஸ்டீமை வைத்துக்கொண்டு மற்ற மென்பொருளை மூடுவதுதான் எனக்குச் சரிவந்தது.

ஒருத்தரும் தொடேல்ல, என்ர ஆள் தன்பாட்டில இடப்பக்கம் நடக்கிறான்.

முதலில் செற்றிக் குஷனுக்குக் கீழே பாருங்கள். எல்லாரும் எழும்பிப் பார்த்தால் அங்கே யாரோ ஒருவர் உட்கார்ந்திருந்த கொன்ட்ரோலர் கிடக்கும், அதுவே உங்கள் எண்ணில் இருக்கலாம். அதை நிறுத்தியும் நடக்கிறான் என்றால் உங்கள் கொன்ட்ரோலரின் ஸ்டிக் தேய்ந்திருக்கிறது. ஸ்டிக்குக்கு அடியில் உரசி உரசி நிலையைச் சொல்கிற ஒரு பாகம் இருக்கிறது. காலப்போக்கில் அது தேய்ந்து, சும்மா இருக்கும்போதும் சாய்ந்திருக்கிற மாதிரிச் சொல்லும்.

ஈயன்னாவின் நோய் இதுதான். ஒரு கடையில் திருத்தக் கொடுத்தோம், இரண்டு மாதம் நன்றாக இருந்தது, பிறகு பழையபடி. அதனால்தான் யாருக்கு எந்த எழுத்து என்பதை இப்போது சீட்டுப் போட்டு எடுக்கிறோம். ஈயன்னா கிடைத்தவருக்கு எந்த அணி என்பதை முதலில் தேரும் உரிமை. இதில் ஒரு நட்டஈடும் இருக்கவேண்டும் இல்லையா.

சின்னவன் ஓயாமல் கேக்கிறான். கழற்றின கொன்ட்ரோலரைக் குடுத்துச் சமாளிக்கலாமோ?

எல்லா வீட்டிலும் செய்வதுதான், எனக்கும் செய்தார்கள். மூன்று வயதுவரை பலிக்கும். எங்கள் சின்னவன் நாலு வயதில் கண்டுபிடித்துவிட்டான். கொன்ட்ரோலரைக் கவிழ்த்துப் பார்த்து, "இதில லைட் இல்லை" என்று மட்டும் சொல்லி, என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டான். அழுதிருந்தால் பரவாயில்லை.

எக்ஸ்பொக்ஸ் இருக்கிற வீட்டில் இதற்கு நேர்மையான வழி ஒன்று உண்டு. கோபைலட் என்ற பெயரில் வந்த வசதியில் இரண்டு கொன்ட்ரோலர் சேர்ந்து ஒரே ஆளை ஆட்டும். சின்னவர் திருப்பட்டும், நீங்கள் பிரேக்கைப் பாருங்கள். கை வசதி குறைந்தவர்களுக்கு உதவவென்று வந்தது, சின்னப் பிள்ளைகளுக்கும் நன்றாகவே பொருந்துகிறது.

கொன்ட்ரோலரை எங்க வைக்கிறது? எங்கடயில சார்ஜ் துவாரம் கறள் பிடிக்குது.

எங்கள் ஒழுங்கை கடலில் போய் முடிகிறது, உப்புக்காற்றுக்கு ஜன்னல் கொளுக்கியே தாங்காது. மூடி இறுக்கமான பிஸ்கட் டின் ஒன்றில், சப்பாத்துப் பெட்டியில் வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் இரண்டைப் போட்டு வைக்கிறேன்.

அக்கா, எல்லாம் சரி. உங்கட வீட்டில ஏன் எப்பவும் நீங்கள்தான் நீலம்?

முதலில் அமத்துகிறவருக்கு நீலம் என்று மேலே எழுதியிருக்கிறேன். டின் இருப்பது என் கட்டிலுக்குக் கீழே.